கரைப்பறவைகளும் ஊரார் எடுக்கும் கணக்கும்

ஒரு பொருளிடத்து நமக்கு மதிப்பு உண்டு என்பதற்கு, அதனை எண்ணிக் கணக்கு வைத்தலே முதல் அறிகுறியாகும். தறியில் இருக்கும் நெசவாளர் பாவின் இழைகளுள் ஒன்று அறுந்தாலும் உடனே கண்டு முடிந்து விடுகிறார். களத்தில் நெல் அளப்போர் முதல் மரக்காலை ஒன்று என்னாது 'லாபம்' என்று மங்கலமாகச் சொல்லித் தொடங்கி, கடைசி மரக்கால் வரையில் கணக்குத் தப்பாமல் அளக்கின்றனர். ஆடு மேய்ப்பவர் மாலையில் பட்டியின் வாயிலில் நின்று தலைகளை எண்ணாமல் உறங்கச் செல்வதில்லை. எண்ணப்படாத பொருளோ, குறைந்தாலும் தெரிவதில்லை; அடியோடு மறைந்தாலும் அது மறைந்த நாள் இன்னதென்று சொல்வார் இல்லை.

நம் ஊர் ஏரிகளுக்கும் வயல்களுக்கும் ஆண்டுதோறும் வந்து தங்கிச் செல்லும் சிறு பறவைகளின் நிலை இத்தகையதாகவே இருக்கின்றது. அவை எவருடைய உடைமையும் அல்ல. ஆதலின் எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. பெரிய சரணாலயங்களிலும் கடற்கரைகளிலும் பறவைக் கணக்கெடுப்பு இக்காலத்தில் ஒரு விழாவாகவே நடைபெறுகின்றது. அது மகிழத்தக்கதே. ஆயினும், அவ்விழா களம்பூரைப் போன்ற ஊர்களின் ஏரிக்கரைக்கும் வந்து சேர்ந்தாலன்றி அதன் பயன் நிறைவெய்தாது என்பது எம் கருத்து. ஆரணியின் பட்டுத் தறிகளோடு உறவு பூண்டதும், அரிசி ஆலைகளால் பெயர் பெற்றதும், 'ஆரணி ரோடு' என்னும் பெயரோடு புகைவண்டி நிலையம் உடையதுமான இவ்வூரை ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொண்டு, அக்கருத்தை விளக்கப் புகுகின்றோம். இங்கே சொல்வன தமிழ்நாட்டின் எந்த ஏரியூருக்கும் பொருந்தும்.

முதலில், கரைப்பறவைகள் என்பன யாவை என்று காண்போம். நீரின் நடுவில் நீந்தும் வாத்துகளும், மரத்தில் கூடு கட்டும் நாரைகளும் கொக்குகளும் இவ்வகையைச் சேர்ந்தன அல்ல. நீரும் நிலமும் சந்திக்கும் சேற்று விளிம்பில் நடந்து, அலகினால் சேற்றைத் துழாவிப் புழுவும் பூச்சியும் சிறு நத்தையும் தேடி உண்பனவே கரைப்பறவைகள். நம் மக்கள் 'உள்ளான்' என்றும், 'உப்புக்கொத்தி' என்றும், 'மூக்கன்' என்றும், 'கோட்டான்' என்றும் இவற்றைக் குறிப்பர். நீண்ட சிவந்த கால்களோடு ஏரி நீரில் நிற்கும் பவளக்கால் உள்ளானையும், வரப்பில் ஆளைக் கண்டதும் கூவி ஊரைக் கூட்டும் ஆள்காட்டியையும் அறியாத உழவர் இல்லை. பொறி உள்ளானும் கொசு உள்ளானும் அவ்வளவு எளிதில் கண்ணுக்குப் புலப்படமாட்டா. மண்ணின் நிறமே தம் நிறமாகக் கொண்டு, எழுந்து பறக்கும்போதுதான் அங்கு இருந்தன என்பதையே அவை காட்டும். இவ்வாறு பகட்டின்றி இருப்பதே இவை மறக்கப்படுவதற்கு ஒரு காரணமாயிற்று.

ஆனால் இவற்றின் செயலைக் கருதினால் வியப்பு எல்லை கடந்து செல்லும். கொசு உள்ளான் என்பது முப்பது கிராம் எடைகூடத் தேறாத ஒரு சிறு பறவை. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதோ வடதுருவத்தை அடுத்த மரமற்ற பனி நிலங்களில். அங்குக் குளிர் தொடங்கியதும் புறப்பட்டு, பல நாடுகளைக் கடந்து, ஆவணி புரட்டாசி மாதங்களில் நம் நீர்நிலைகளை அடைந்து, பங்குனி சித்திரை வரையில் தங்கி, மறுபடி வடக்கே செல்கின்றது. பறவைகள் இவ்வாறு வழிவழியாகச் செல்லும் வான்வழிகளுள் நம் நாடு அடங்கியது மத்திய ஆசிய வான்வழி எனப்படும். பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவையின் குஞ்சு ஒன்று, பிறந்து ஐந்து திங்களே ஆன நிலையில், 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரையில் 13,560 கிலோமீட்டர் தொலைவை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்ததை, அதன் உடலில் பொருத்திய சிறு கருவி உலகுக்கு அறிவித்தது. வழி காட்டுவார் எவருமின்றி இளங்குஞ்சு இப்பயணத்தைச் செய்து முடித்தது என்றால், இப்பறவைக் குலத்தின் ஆற்றலைச் சொல்லவும் வேண்டுமோ!

இத்தகைய பயணத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. இறங்கும் இடத்தில் இரை இருத்தல் வேண்டும். நெடுவழிச் செல்வோருக்குச் சத்திரங்கள் எவ்வாறோ, இப்பறவைகளுக்கு நீர்நிலைகளின் விளிம்புகள் அவ்வாறு. வழியில் ஒரு சத்திரம் மூடப்பட்டால் பயணி பசியோடு அடுத்த ஊர் செல்வான். அடுத்ததும் மூடப்பட்டால் வழியிலேயே வீழ்வான்.

கடற்கரைக்கு உரிய பறவையை உள்நாட்டு ஊரில் தேடுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். பெயரைக் கண்டு மயங்கியதனால் எழும் கேள்வி இது. கல்திருப்பி உள்ளான் போன்ற சில வகைகள் கடலை விட்டுப் பெரும்பாலும் அகல்வதில்லை என்பது உண்மையே. ஆனால் பொறி உள்ளானும், கோரை உள்ளானும், மயில் உள்ளானும், சிறு உப்புக்கொத்திகளும், பவளக்கால் உள்ளானும் நன்னீர் ஏரிகளையும் நெல்வயல்களையும் நாடி வருவன. சம்பா நடவுக்காக வயலைச் சேறாக்கும் நாளிலும், நவரைக்கு மறுபடி உழும் நாளிலும், உழுபடையின் பின்னே கொக்குகளோடு இவையும் இரை தேடுவதைக் காணலாம். வடகிழக்குப் பருவமழையால் நிறைந்த ஏரி, தை மாதத்துக்குப் பின் பாசனத்துக்கு நீர் விட விடச் சுருங்கும். சுருங்கும் நீர் நாளுக்கு ஒரு முழமாகப் புதிய சேற்றைத் திறந்து வைக்கும். அச்சேற்றில் உள்ள உணவே இப்பறவைகள் வடக்கே திரும்பும் பயணத்துக்குக் கட்டுச்சோறாகின்றது. நம் முன்னோர் நெல்லுக்காக வெட்டிய ஏரி, துருவத்துப் பறவைக்கும் அன்னசாலையாக அமைந்தது இவ்வாறே.

இனி, ஊரார் கூடிப் பறவைகளை எண்ணும் வழக்கம் தோன்றிய வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். அமெரிக்க நாட்டில் கிறிஸ்துமஸ் நாளன்று துப்பாக்கியோடு குழுக்களாகப் புறப்பட்டு, யார் மிகுதியான பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு வீழ்த்துவது என்று போட்டியிடும் வழக்கம் ஒன்று இருந்தது. பிராங்க் சாப்மன் என்னும் பறவையியல் அறிஞர், அன்று கொல்வதை விடுத்து எண்ணுவோம் என்று அழைத்தார். 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் 25 இடங்களில் 27 பேர் எண்ணினர். அச்சிறு வித்து ஆண்டுதோறும் வளர்ந்து இன்றளவும் நடைபெறுகின்றது. உலகளாவிய நீர்ப்பறவைக் கணக்கு 1967-இல் தொடங்கியது. அதன் கிளையாகிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கு 1987-இல் நம் நாட்டையும் உள்ளிட்டு ஆரம்பமாகி, ஜனவரி மாதந்தோறும் நடைபெற்று வருகின்றது. செப்டம்பர் 6-ஆம் நாளை உலகக் கரைப்பறவைகள் நாளாகக் கொண்டாடி, அதனை ஒட்டிக் கரைப்பறவைகளை எண்ணும் வழக்கம் 2014 முதல் ஏற்பட்டது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' ஒன்றை நடத்தி வருகின்றனர். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்ட பறவைகளை எண்ணி 'இ-பேர்ட்' என்னும் பொதுத் தளத்தில் பதிவு செய்வதே அதன் முறை. அறுவடைத் திருநாளில் மாட்டையும் கதிரையும் போற்றும் நம் மரபுக்கு இது எவ்வளவு பொருத்தமானது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இக்கணக்குகள் சொல்லும் செய்தி என்ன? அது மகிழ்ச்சி தருவதன்று. நாடெங்கும் ஏறத்தாழ 30,000 பேர் பதிந்த குறிப்புகளைத் திரட்டி 2023-இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' என்னும் அறிக்கை 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. நெடுங்காலப் போக்கை அறியத்தக்க அளவுக்குச் சான்று கிடைத்தவை 338 வகைகளே. அவற்றுள் நூற்றுக்கு அறுபது பங்கு குறைந்து வந்திருக்கின்றன. துருவப் பகுதியில் இனம் பெருக்கி இங்கு வரும் கரைப்பறவைகளோ நூற்றுக்கு எண்பது பங்கு அளவில் குறைந்துள்ளன என்பதும் அவ்வறிக்கையால் தெரியவந்தது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில், வலசை வரும் கரைப்பறவைகளுள் 16 வகைகளை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் முன்னிலும் மிகுந்த ஆபத்து நிலைக்கு மாற்றினர். கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் காணப்படும் வளைமூக்கு உள்ளானும் கல்திருப்பி உள்ளானும் அவற்றுள் அடங்கும்.

2025-ஆம் ஆண்டு அக்டோபரில் அதனினும் கொடிய செய்தி வந்தது. மெல்லலகுக் கோட்டான் என்று சொல்லத்தக்க ஒரு கரைப்பறவை உலகில் அற்றுப்போயிற்று என அவ்வொன்றியம் அறிவித்தது. மொராக்கோ நாட்டுக் காயல் ஒன்றில் 1995-இல் கண்டதே ஐயமற்ற கடைசிக் காட்சியாகும். அது கூடு கட்டும் இடமோ, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சைபீரியாவின் ஒரு பகுதியில் கண்டதன்றி, வேறெங்கும் உறுதியாக அறியப்படவே இல்லை. ஐரோப்பியக் கரைகளில் ஒரு காலத்தில் பலராலும் காணப்பட்டும், வேட்டையாடப்பட்டும் வந்த பறவை, தக்க காலத்தில் எண்ணுவாரின்றிக் குறைந்து, தேடத் தொடங்கிய காலத்தில் தேடுதற்கு இல்லாமற் போயிற்று. எண்ணாமையின் விலை இதுவாகும்.

எண்ணியதன் பயனுக்கும் ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். தென்கொரியாவின் மேலைக் கரையில் சேமங்கம் என்னும் இடத்தில் 33 கிலோமீட்டர் நீளச் சுவர் எழுப்பி, மிகப் பெரிய சேற்று நிலம் ஒன்றைக் கடலிலிருந்து பிரித்தனர். அச்சுவர் 2006-இல் மூடப்பட்டது. அங்கு வந்து கொண்டிருந்த பறவைகள் பக்கத்துச் சேற்றுநிலங்களுக்குச் சென்றுவிடும் என்று கூறினாரும் உண்டு. ஆனால் தன்னார்வலர்களும் அறிஞர்களும் அங்கும், அண்டைக் கழிமுகங்களிலும், அப்பறவைகள் குளிர்காலம் போக்கும் ஆஸ்திரேலியக் கரையிலும் தொடர்ந்து எண்ணினர். 'பெரிய நாட்' என்னும் ஒரு வகையில் மட்டும் ஏறத்தாழ 90,000 பறவைகள் குறைந்தன. அவை வேறெங்கும் சென்று சேரவில்லை என்பது வெளிப்பட்டது. 'வேறிடம் போய்விடும்' என்ற சொல் பொய் என்று நிறுவியது அந்த எண்ணிக்கையே. இத்தகைய சான்றுகள் திரண்ட பின்னரே, சீன அரசு 2018-இல் வாணிக நோக்கோடு கடற்சேற்றைத் தூர்ப்பதை நிறுத்த முற்பட்டதும், மஞ்சட்கடற் சேற்றுநிலங்கள் 2019-இலும் 2021-இலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதும் நிகழ்ந்தன.

'வேறிடம் போய்விடும்' என்னும் அச்சொல்லை நாம் நம் ஊர்களிலும் கேட்டிருக்கின்றோம். ஏரியின் வாயில் மண் கொட்டும்போதும், வரத்துக்கால்வாய் அடைபடும்போதும், நன்செயை மனைகளாகப் பிரிக்கும்போதும் அதே சொல் வருகின்றது. கொரியாவில் அச்சொல்லை மறுக்க எண்ணிக்கை இருந்தது. களம்பூர் ஏரியைக் குறித்து அவ்வாறு ஒருவர் சொன்னால், மறுப்பதற்கு நம் கையில் என்ன இருக்கின்றது?

நம் மண்ணில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்த வேடந்தாங்கல் மக்கள், தம் ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளைப் படையினர் சுடுவதைத் தடுக்க வேண்டிக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டு, 1798-இல் அதற்கு உறுதி பெற்றனர் என்பது வரலாறு. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை அவர்கள் கண்கூடாக அறிந்திருந்தனர். சட்டமும் சரணாலயமும் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே ஊராரால் காக்கப்பட்ட ஏரி அது. எனினும், வேடந்தாங்கலின் புகழ் மரத்தில் கூடு கட்டும் பெரிய பறவைகளைச் சார்ந்தது. உள்ளானுக்கு அத்தகைய புகழ் இல்லை. அது கூடு கட்டிக் குஞ்சோடு நம் கண்முன் வாழ்வதில்லை. வந்த வழியே ஒரு நாள் விடியலில் சொல்லாமற் சென்றுவிடும். தமிழ்நாட்டில் 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உலகச் சிறப்பு வாய்ந்த ராம்சார் ஈரநிலங்கள் 20 இருந்தன. இந்தியாவில் வேறெந்த மாநிலத்துக்கும் அத்தனை இல்லை. அது நமக்குப் பெருமையே. ஆனால் தமிழ்நாட்டின் ஏரி குளங்களோ ஏறத்தாழ 39,000. உள்ளானின் வாழ்வு, பெயர் பெற்ற சிலவற்றில் மட்டுமன்றி, பெயர் பெறாத அப்பெரும்பான்மையிலும் தங்கியிருக்கின்றது.

இக்கருத்துக்கு எதிராகச் சொல்லப்படும் தடைகளையும் எடுத்து ஆராய்வோம்.

படிப்பறிவற்றவரும் பழக்கமற்றவரும் எடுக்கும் கணக்குத் தவறுடையதாகும் என்பது முதல் தடை. ஒருவர் ஒரு நாள் எடுத்த கணக்கில் பிழை இருக்கலாம். ஆனால் ஒரே ஏரியில், ஒரே மாதத்தில், ஒரே முறையில், ஆண்டுக்கு ஆண்டு எடுத்த கணக்குகளை அடுக்கிப் பார்க்குங்கால், சிறு பிழைகள் ஒன்றையொன்று ஈடு செய்து, பறவைகள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்னும் போக்குத் தெளிவாகப் புலப்படும். மேலே சொன்ன 2023-ஆம் ஆண்டு அறிக்கையே பொதுமக்கள் பதிந்த குறிப்புகளால் ஆனதன்றோ! அன்றியும், ஏரிக்கரையில் நாள்தோறும் நடக்கும் நீர்க்கட்டிக்கும் மாடு மேய்ப்பவருக்கும் அப்பறவைகளைப் பற்றித் தெரிந்தது, தொலைநோக்கியோடு வந்து அரைநாளில் திரும்பும் நகரத்தாருக்குத் தெரியாது. எந்த மாதம் வந்தது, எந்த மூலையில் மேய்ந்தது, பத்தாண்டுக்கு முன் எவ்வளவு வந்தது என்பனவற்றை அவர்களிடம் பணிவோடு கேட்டு எழுதுவதும் கணக்கெடுப்பின் ஒரு பகுதியேயாம். அவ்வாறு கேட்கும்போது 'ஐயா', 'அம்மா' என்று அழைத்து, அவர் சொன்னதை அவர் சொன்ன பெயராலேயே எழுதுக. நூலில் உள்ள பெயரை அவர் வாயில் திணிக்க வேண்டுவதில்லை.

வயிற்றுப்பாட்டுக்கே பொழுது போதாத ஊரில் பறவையை எண்ணுவது செல்வர் விளையாட்டு என்பது இரண்டாம் தடை. இத்தடையை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. நெய்த சேலைக்கு மட்டுமே கூலி பெறும் நெசவாளர் ஒருவர் பொழுதை இழந்தால் கூலியை இழக்கிறார். அவரைக் கரைக்கு அழைத்து நாள் முழுதும் நிறுத்துவது அறமன்று. ஆயின், வேண்டுவது ஒரு நாளில் கால் மணி நேரமே. அதையும் செய்யத்தக்கவர் நேரமும் கல்வியும் பெற்ற நாமே. அவருடைய பிள்ளைகள் நம்மோடு இக்கலாசாலையில் பயில்கின்றனர். கற்ற கல்வியால் ஊருக்கு நாம் திருப்பிச் செலுத்தத்தக்க சிறு வட்டி இதுவென்று கொள்வோமாக.

ஏரி வெட்டியது பாசனத்துக்கேயன்றிப் பறவைக்கன்று என்பது மூன்றாம் தடை. மெய்தான். பாசனத்துக்கு இடையூறு செய்து பறவையைக் காக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவன என்ற எண்ணமே தவறு. குடிமராமத்து என்னும் பழம்பெயரால் 2017 முதல் தமிழ்நாட்டில் ஏரிகளைத் தூர்வாரும் பணி பரவலாக நடைபெற்றது. தூர்வாருதல் வேண்டுவதே. ஆனால் இயந்திரத்தைக் கொண்டு நாற்புறமும் ஒரே ஆழமாக, செங்குத்தாக வெட்டிவிட்டால், விரற்கடை ஆழ நீரில் நடந்து உண்ணும் உள்ளானுக்கு அங்கு நிற்க இடமில்லை. நீர்வரத்துப் பக்கத்தில் ஒரு பகுதியையாவது சரிவாக விட்டு வைத்தால், ஏரியின் கொள்ளளவு பெரிதும் குறையாது. கால்நடை இறங்கி நீர் குடிக்கவும் வசதியாகும். பறவைக்கும் இடம் கிட்டும். இச்சிறு விஷயத்தைப் பணி தொடங்குமுன் சொல்வதற்கு ஊரில் ஒருவர் வேண்டும். அவ்வாறு சொல்பவர் கையில் 'இம்மூலையில் தை மாதத்தில் இத்தனை உள்ளான்கள் மேய்ந்தன' என்னும் சில ஆண்டுக் கணக்கு இருந்தால், அச்சொல்லுக்கு வலிமை உண்டாகும். கணக்கில்லாத சொல் வேண்டுகோளாகவே நின்றுவிடும்.

உள்ளான் என்றவுடன் கறி நினைவுக்கு வருவோரும் நம்மிடையே உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் இவற்றை வலைவீசிப் பிடிப்பதையும் விற்பதையும் குற்றமாக்கியிருக்கின்றது. சட்டம் ஒரு புறம் இருக்க, பத்தாயிரம் காதம் போன்ற தொலைவை உயிரைப் பணயம் வைத்துக் கடந்து நம் வாயிலுக்கு வந்த விருந்தை, ஒரு வாய்க் கறிக்காக வலையில் வீழ்த்துவது விருந்தோம்பலுக்குப் பெயர் பெற்ற நாட்டுக்குத் தகுமா என்பதைச் சிந்திப்போமாக.

கணக்கெடுப்பை விழாவாகக் கொண்டாடுவதில் தோன்றியுள்ள சில குறைகளையும் ஈண்டு மறையாமல் சொல்ல வேண்டும். யார் மிகுதியான வகைகளைக் கண்டார் என்னும் போட்டி ஒன்று. அப்போட்டியால், அரிய பறவை ஒன்றைத் தேடி ஓடுவோர் காலடியில் மேயும் பொறி உள்ளானை எண்ணாமல் விடுகின்றனர். படம் பிடிக்கும் ஆசையால் மேயும் கூட்டத்தைத் திரும்பத் திரும்ப எழுப்பிப் பறக்கச் செய்வது மற்றொன்று. பயணத்துக்காகச் சேர்த்த கொழுப்பை அப்பறவைகள் அதனால் வீணே செலவிடுகின்றன. ஒன்றும் காணாத நாளில் ஒன்றும் எழுதாமல் திரும்புவது மூன்றாவது. இது மூன்றினும் பெரிய குறை. சென்ற ஆண்டு நூறு இருந்த இடத்தில் இவ்வாண்டு ஒன்றுமில்லை என்பதைப் போல வேண்டுவதான செய்தி வேறில்லை. சுழியும் ஒரு கணக்கே; அதனையும் நாள், நேரம், இடம் குறித்து எழுதி வைத்தல் வேண்டும்.

ஆதலின் முறை எளியதாக இருக்கட்டும். ஏரி ஒன்றைத் தேர்ந்துகொள்க. கரையில் நிற்கும் இடத்தையும் குறித்துக்கொள்க. ஆவணியில் அவை வரும் காலத்தில் ஒரு முறை, தையில் நிறைந்திருக்கும் காலத்தில் ஒரு முறை, பங்குனியில் திரும்பும் காலத்தில் ஒரு முறை, காலை வேளையில் சென்று, வெயில் கண்ணிற் படாதவாறு நின்று எண்ணுக. கூட்டம் பெரிதாயின் பத்துப் பறவைகளைக் கண்ணால் அளந்து, அவ்வளவு எத்தனை உண்டென்று கணிக்கலாம். இனம் தெரியாததை ஊகித்து எழுதாமல் 'இனம் தெரியாத உள்ளான்' என்றே எழுதுக. நீரின் அளவையும், கரையில் கண்ட மாற்றத்தையும் ஒரு வரியிற் சேர்த்துக்கொள்க. பறவைகளின் தமிழ்ப் பெயர்களை அறிய க. ரத்னம் அவர்கள் தொகுத்த 'தமிழில் பறவைப் பெயர்கள்' போன்ற நூல்கள் துணை செய்யும். எண்ணியதை இ-பேர்ட் போன்ற பொதுத் தளத்திலும் பதிவு செய்தால், நம் ஏரியின் எண்ணிக்கை உலகக் கணக்கில் ஓர் இழையாகச் சேர்ந்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பின், நம் கலாசாலைக்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கின்றோம். மாணாக்கர் மூன்றாண்டில் சென்றுவிடுவர். கணக்கோ முப்பதாண்டு தொடர்ந்தால்தான் பேசத் தொடங்கும். தனி மனிதரின் ஆர்வத்தினும் நீண்ட ஆயுள் உடையவை கலாசாலையும் அதன் ஆண்டு மலருமே. ஆகவே, களம்பூர், ஆரணி, போளூர்ப் பக்கங்களிலிருந்து வந்து பயிலும் மாணாக்கர் தத்தம் ஊர் ஏரிக்கு ஒரு குறிப்பேடு தொடங்கி, படிப்பு முடித்துச் செல்லும்போது அதனை அடுத்து வரும் மாணாக்கரிடம் ஒப்படைத்துச் செல்ல வேண்டும். விலங்கியல் ஆசிரியர்கள் அக்குறிப்பேடுகளை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்துத் தரல் வேண்டும். இம்மலரின் தமிழ்ப் பகுதியில், கவிதைக்கும் கதைக்கும் இடையே, ஒரே ஒரு பக்கத்தை அவ்வெண்களுக்கு ஒதுக்கக் கோருகின்றோம். அட்டவணை அழகியதன்று என்று எவரும் முகஞ்சுளிக்க வேண்டா. முப்பதாண்டு கழித்து ஒருவர் நூலகத்தில் இம்மலர்களைப் புரட்டும்போது, நம் கவிதைகளினும் அப்பக்கத்தையே அவர் நாடக்கூடும்.

பழைய மாணாக்கர்களாகிய பெரியோர்க்கும் இதில் பங்குண்டு. உங்களுள் பலர் ஊராட்சியிலும், பொதுப்பணித் துறையிலும், வருவாய்த் துறையிலும், பள்ளிகளிலும் பணி செய்கின்றீர்கள். ஏரியைப் பற்றிய முடிவுகள் உங்கள் மேசையின் வழியாகவே செல்கின்றன. தூர்வாரும் திட்டம் வரும்போது சரிவான கரை ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். வரத்துக்கால்வாயின் மீது மனை போடும் விண்ணப்பம் வரும்போது, அந்நீரை எதிர்நோக்கி இருப்பவர் உழவர் மட்டுமல்லர் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். உங்களிடம் வரும் இளைஞர் கையில் குறிப்பேடு இருந்தால் அதனை ஒரு முறை திறந்து பாருங்கள்.

மாணாக்க நண்பர்களே! கொசு உள்ளானுக்கு நம் ஊரின் பெயர் தெரியாது. நம் நாட்டின் எல்லையும் தெரியாது. சென்ற ஆண்டு இரை கிடைத்த சேறு இவ்வாண்டும் இருக்கும் என்னும் ஒரே நம்பிக்கையில் அது துருவத்திலிருந்து புறப்படுகின்றது. அந்நம்பிக்கை பொய்யாகாமற் காப்பது நம் கையில் உள்ளது. வரும் பொங்கல் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, ஒரு குறிப்பேட்டையும் எழுதுகோலையும் எடுத்துச் செல்லுங்கள். மாட்டுப் பொங்கலன்று காலை கால் மணி நேரம் ஏரிக்கரையில் நின்று எண்ணுங்கள். நெல் அளப்போர் முதல் மரக்காலைச் சொல்வது போல, கண்ட முதல் பறவையை 'லாபம்' என்று சொல்லியே தொடங்குங்கள். தைத்திங்களில் அச்சொல் பொருந்தும். எண்ணிய தாளைக் கலாசாலை திறந்ததும் கொண்டு வந்து சேருங்கள். அடுத்த மலரில் அதனை அச்சிடக் காத்திருக்கின்றோம்.